பெயரும் முகவரியும்: இணையத்திற் சுமை பகிர்ந்த வரலாறு

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் வேறு. அப்பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டுதல் வேறு. உலக வழக்கில் இவ்விரண்டும் மயங்கிக் கிடப்பினும் பெருங்கேடு விளைவதில்லை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க முற்பட்டோர் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே உணரவேண்டியவராயினர். கணினிக்கு வேண்டுவது எண்ணாலாகிய முகவரி. மனிதர் நினைவில் நிற்பதோ பெயர். இரண்டையும் இணைக்கும் அகராதி ஒன்று வேண்டியதாயிற்று. பெயர் கேட்டார்க்கு முகவரி உரைக்கும் அகராதியாகப் பிறந்த அது, நாளடைவில் எவர் எச்சேவையகத்திற்குச் செல்லவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரியாகவும் ஆயிற்று. இம்மாற்றத்தை வளர்ச்சி என்பாரும் உளர். சிதைவு என்பாரும் உளர். அவ்வழக்கினை ஆராயுமுன் நிகழ்ந்தவற்றை ஒருவாறு நோக்குவாம்.

ஐக்கிய அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அர்ப்பாநெற் என்னும் வலையமைப்பே இன்றைய இணையத்தின் மூதாதை. அதனைச் சேர்ந்த கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே பட்டியலில் எழுதப்பெற்றிருந்தன. கலிபோர்ணியாவின் மென்லோ பார்க் நகரிலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய வலையமைப்புத் தகவல் நிலையம் அப்பட்டியலைப் பேணிவந்தது. புதிதாக ஒரு கணினியை இணைப்போர் அந்நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். ஏனையோர் காலத்துக்குக் காலம் பட்டியலைப் படியெடுத்துக் கொள்ளல் வேண்டும். ஊர்ச் சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பைப் போன்ற இவ்வேற்பாடு சிறிய கூட்டத்துக்குப் போதுமானதாகவே இருந்தது.

ஆயின் கூட்டம் சிறிதாக இருக்கவில்லை. 1981 ஓகஸ்ற் மாதத்தில் 213ஆக இருந்த கணினிகளின் தொகை 1983 ஓகஸ்ற் மாதத்தில் 562 ஆயிற்று. கணினிகள் பெருகியபோது பட்டியலும் நீண்டது. அதனைப் படியெடுப்போர் தொகையும் கூடியது. ஆகவே படியெடுத்தலால் உண்டாகும் சுமை கணினிகளின் தொகையின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். மேற்கூறிய ஈராண்டிற் கணினிகள் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலாகப் பெருகச் சுமையோ ஏறத்தாழ ஏழு மடங்காயிற்று என்க. அன்றியும், ஒருவர் காலையிற் படியெடுத்த பட்டியல் மாலையிற் பழையதாகிவிடும். ஒரே பெயரை இருவர் விரும்பின் யாருக்கு அளிப்பது என்னும் பிணக்கும் எழுந்தது.

இந்நிலையில், தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிலையத்திற் பணியாற்றிய போல் மொக்கபெற்றிஸ் என்பவரிடம் இதற்கொரு தீர்வு காணுமாறு யோன் போஸ்ரல் பணித்தார். மொக்கபெற்றிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறைமை 1983 நவெம்பர் மாதத்தில் ஆர்.எவ்.சி. 882, 883 என்னும் இரு குறிப்புகளாக வெளிவந்தது. அனுபவத்தால் திருத்தப்பெற்ற வடிவம் 1987 நவெம்பரில் 1034, 1035 என்னும் இலக்கங்களைப் பெற்றது. இன்றுவரை அடிப்படையாக நிற்பவை இவ்விரண்டுமே. பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் எழுதிய பைண்ட் என்னும் செய்ந்நிரல் இம்முறைமையை உலகெங்கும் பரப்பியது. கொம் என முடியும் பெயர்களுள் முதலாவது 1985 மார்ச் 15ஆம் நாளிற் பதிவாயிற்று. நம் நாட்டுக்குரிய எல்.கே. என்னும் ஆள்களம் 1990இற் பதிவுற்றது. தமிழெழுத்திலேயே அமைந்த ‘இலங்கை’ என்னும் உயர்நிலை ஆள்களத்துக்கு 2010ஆம் ஆண்டில் அங்கீகாரம் கிடைத்தது.

இம்முறைமையின் இரு கூறுகளை ஈண்டு விரித்துரைத்தல் வேண்டும். பின்வரும் வரலாறு முழுவதும் அவற்றிலேயே தங்கியுள்ளது. ஒன்று, அதிகாரப் பங்கீடு. பெயர்கள் மரம்போற் கிளைத்து நிற்க, ஒவ்வொரு கிளைக்கும் அதற்குரியோரே பொறுப்பாவர். ஒரு கிளையின் பதிவுகளை ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்ச் சேவையகங்கள் வைத்திருத்தல் வேண்டும். ஒன்று வீழின் மற்றொன்று விடையளிக்கும். மற்றையது, பதுக்கி வைத்தல். ஒருமுறை கேட்டறிந்த முகவரியைக் கேட்டவர் சார்பில் வினவிய சேவையகம் தன்னிடம் பதுக்கி வைத்துக் கொள்ளும். எத்துணைக் காலம் வைத்திருக்கலாம் என்பதைப் பதிவுக்கு உரியவரே ஆயுட்காலமாக விநாடிக் கணக்கிற் குறித்துவிடுவார். அக்காலம் முடியும்வரை மூலச் சேவையகத்திடம் மீண்டும் கேட்கவேண்டியதில்லை. மென்லோ பார்க்கை வருத்திய சுமை இவ்வாறு உலகெங்கும் பரந்து கரைந்தது. ஒரு பெயருக்குப் பல முகவரிகள் இருத்தல் கூடும் என்பதும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அவற்றை எவ்வரிசையிற் கொடுக்கவேண்டும் என்று மட்டும் விதிக்கப்படவில்லை. அவ்விடைவெளியிலேதான் பின்வந்தோர் தம் கைவரிசையைக் காட்டினர்.

முதலிற் பயன் கண்டது மின்னஞ்சல். 1986 ஜனவரியிற் கிரேக் பாற்றிட்ஜ் எழுதிய ஆர்.எவ்.சி. 974, ஓர் ஆள்களத்துக்கு வரும் அஞ்சலை ஏற்கும் சேவையகங்கள் பலவற்றை விருப்ப எண்ணுடன் குறிக்க வழிசெய்தது. எண் சிறியதாயின் முதலில் அதனையே நாடவேண்டும். அது விடை தராவிடின் அடுத்த எண்ணுடையதை நாடவேண்டும். ஒரு சேவையகம் வழுவியவிடத்து மற்றொன்று அதன் பொறுப்பை ஏற்கும் முறையைப் பெயர்ப் பதிவிலேயே எழுதிவைத்தமை இதுவே முதன்முறை எனலாம். அஞ்சலுக்கு இது பொருந்தியமைக்குக் காரணம் உண்டு. அஞ்சல் அனுப்பும் செய்ந்நிரல் பொறுமையுடையது. ஓரிடத்திற் கதவு திறவாவிடின் மற்றோரிடத்திற் தட்டும். சில மணிநேரம் காத்திருக்கவும் தயங்காது. மனிதருக்கு அத்துணைப் பொறுமை இல்லை என்பதை உலகளாவிய வலை விரைவிற் காட்டியது.

இலினோய்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய மீக்கணினிப் பயன்பாட்டு நிலையம் 1993இல் மொசெய்க் என்னும் உலாவியை வெளியிட்டது. அதனைத் திறந்தோர் யாவர்க்கும் முதலிற் தோன்றும் பக்கம் அந்நிலையத்தின் பக்கமாகவே அமைந்திருந்தது. உலாவி புகழ்பெறப் புகழ்பெற அதனைப் படைத்தோரின் சேவையகமே திணறலாயிற்று. தான் ஈன்ற பிள்ளையே தாயின் சோற்றையும் உண்ட கதை இது. ஒரு கணினி போதாது என்று கண்ட எரிக் கற்ஸ், மிஷெல் பட்லர், றொபேட் மக்கிராத் ஆகிய மூவரும் தாம் மேற்கொண்ட வழியை 1994ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய முதலாவது உலகளாவிய வலை மாநாட்டில் எடுத்துரைத்தனர்.

அவர்கள் செய்தது எளிது. பல கணினிகளை ஒரு தொகுதியாக நிறுத்தினர். ஆவணங்கள் யாவும் ஏ.எவ்.எஸ். என்னும் பகிர்ந்த கோப்பு முறைமையில் இருந்தமையால் எக்கணினியை நாடினும் ஒரே பக்கமே கிடைக்கும். பின்னர்ப் பெயர்ச் சேவையகத்தின் செய்ந்நிரலைத் திருத்தி, ஒரே பெயரைக் கேட்டு வருவோருக்கு இத்தொகுதியின் முகவரிகளை முறைவைத்துச் சுழற்றிக் கொடுக்கச் செய்தனர். முதல்வருக்கு முதலாம் கணினி, அடுத்தவருக்கு இரண்டாம் கணினி என்றவாறு வரிசை சென்று மீண்டும் தொடக்கத்துக்கு வரும். பங்குக் கிணற்றில் முறைவைத்து நீரிறைக்கும் தோட்டக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. புதிய பொறி எதுவும் வாங்கவேண்டா, உலாவிகளைத் திருத்தவேண்டா, தொகுதியில் ஒரு கணினியைக் கூட்டுவதும் நீக்குவதும் பெயர்ப் பதிவில் ஒரு வரியை எழுதுவதும் அழிப்பதுமேயாம். இச்சுழன்முறை பின்னர்ப் பைண்ட் செய்ந்நிரலிலும் இடம்பெற்று உலக வழக்காயிற்று.

எளிமைக்கு ஒரு விலையுண்டு. பெயர்ச் சேவையகம் முறைவைத்து வழங்குவது முகவரியையேயன்றி வேலையையன்று. ஒரு பெரிய நிறுவனத்தின் சேவையகம் ஒரு முகவரியைப் பெற்றுப் பதுக்கி வைத்ததாயின் அந்நிறுவனத்தின் ஆயிரம் பயனாளரும் ஆயுட்காலம் முடியுமட்டும் ஒரே கணினியின்மீது சென்று விழுவர். மற்றொரு முகவரியைப் பெற்றவர் தனியொருவராக இருத்தல் கூடும். இருவருக்கும் ஒவ்வொரு முறை வழங்கியதாகப் பெயர்ச் சேவையகம் எண்ணிக்கொண்டிருக்கும். இலினோய் அறிஞரே இக்குறையைக் கண்டு கூறியுள்ளனர்.

இதனினும் கொடியது மற்றொரு குறை. தொகுதியில் உள்ள நான்கு கணினிகளுள் ஒன்று இறந்துபடின் அதனைப் பெயர்ச் சேவையகம் அறியாது. இறந்தவரின் பெயரை இடாப்பிலிருந்து நீக்காத விதானையாரைப் போல அம்முகவரியையும் முறைதவறாது வழங்கிக்கொண்டேயிருக்கும். வருவோரில் நாலிலொரு பங்கினர் கதவைத் தட்டி ஏமாந்து போவர். ஆகவே சுழன்முறையைச் சுமை பகிர்வு என்று கூறலாமேயன்றி வழுவியவிடத்துக் காக்கும் முறையென்று கூறுதல் பொருந்தாது. பிற்காலத்து உலாவிகள் முதல் முகவரி விடை தராவிடின் அடுத்ததை முயலக் கற்றுக்கொண்டமையால் இக்குறை ஓரளவு தணிந்தது. அப்புகழ் உலாவியையே சாரும்.

வழங்குவோர் நிலைமையை அறிந்து வழங்கினால் என்ன என்ற வினா இயல்பாகவே எழுந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொமஸ் பிரிஸ்கோ 1995 ஏப்பிறிலில் வெளியிட்ட ஆர்.எவ்.சி. 1794 இப்பொருளையே தலைப்பாகக் கொண்டது. புறத்தே உள்ள ஒரு செய்ந்நிரல் கணினிகளின் சுமையை அறிந்து பதிவுகளை அடிக்கடி புதுப்பிக்க, அப்பதிவுகள் மிகக் குறுகிய ஆயுளோடு வழங்கப்படும் என்பது அதன் கருத்து. அவ்வாண்டிலேயே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் ஸ்கீமர்ஸ் பேள் மொழியில் எழுதிய பெயர்ச் சேவையகமொன்று, ஒவ்வொரு கணினியிடமும் சென்று எத்தனைபேர் பயன்படுத்துகின்றனர், சுமை எவ்வளவு என்று வினவி, சுமை குறைந்ததன் முகவரியையே விடையாகக் கொடுத்தது. வினாவுக்கு மறுமொழி கூறாத கணினி பட்டியலிலிருந்து தானே விலகிவிடும். சுமை பகிர்தலும் வழுவியதை விலக்குதலும் ஒரே செய்ந்நிரலில் ஒன்றுபட்டமை குறிப்பிடத்தக்கது. இன்று பெருநிறுவனங்கள் விலைக்கு விற்கும் சேவைகளின் வித்து இப்பல்கலைக்கழக முயற்சியிலே கிடக்கின்றது என்பது நம் துணிபு.

ஆயின் குறுகிய ஆயுள் என்பது இருபுறமும் கூருள்ள வாள். ஆயுட்காலம் ஒரு நாளாயின் இடையறாது கேட்கும் ஒரு சேவையகம் நாளொன்றுக்கு ஒருமுறை வினவும். அதனையே 60 விநாடியாகக் குறைத்தால் 1440 முறை வினவும். மொக்கபெற்றிஸ் எச்சுமையைப் பதுக்கி வைத்தலால் நீக்கினாரோ அச்சுமையை நாம் மீண்டும் அழைத்துக்கொள்கிறோம். அன்றியும், குறித்த ஆயுளை மதியாது ஒருமுறை பெற்ற முகவரியைத் தாம் ஓயும்வரை பற்றிக்கொண்டிருக்கும் செய்ந்நிரல்களும் உள. அவற்றின்பால் எவ்விதியும் செல்லாது.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறித்தல் தகும். 2003 பெப்ரவரியில் வெளியான ஆர்.எவ்.சி. 3484, பல முகவரிகள் கிடைத்தவிடத்துத் தன் முகவரியோடு தொடக்க இலக்கங்கள் மிகுதியும் ஒத்துள்ளதையே ஒரு கணினி தெரிவுசெய்ய வேண்டும் என்று விதித்தது. இதனை எழுத்துக்கெழுத்துக் கைக்கொண்ட கணினிகள், சேவையகம் எவ்வளவு சுழற்றிக் கொடுப்பினும் ஒரே முகவரியையே நாடின. ஒரு குழுவினர் இழைத்ததை மற்றொரு குழுவினர் அறியாது அவிழ்த்தனர். 1996இற் சோதனையாகவும் 2000ஆம் ஆண்டில் உறுதியாகவும் வெளிவந்த எஸ்.ஆர்.வி. பதிவு, முந்துரிமையையும் நிறையையும் வெளிப்படையாகவே எழுத இடமளித்தது. அஞ்சலுக்குக் கிடைத்த வசதி எல்லாச் சேவைக்கும் கிடைத்திருக்கும். உலாவிகளை ஆக்கியோர் அதனை ஏற்காமை பெருங்குறை என்றே கூறவேண்டும். 2023 நவெம்பரில் ஆர்.எவ்.சி. 9460 வகுத்த புதிய பதிவு அக்குறையைக் காலந்தாழ்த்தியேனும் நீக்க முற்பட்டது.

இனி, உலகளாவிய பகிர்வுக்கு வருவாம். மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் ரொம் லெய்ற்றனும் அவர் மாணவர் டானியல் லூவினும் 1998இல் அக்கமாய் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரே இடத்திற் பல கணினிகளை நிறுத்துவதை விடுத்து, உலகின் பல நகரங்களிற் சேவையகங்களை வைத்து, கேட்பவருக்கு அண்மையில் உள்ளதும் சுமை குறைந்ததுமான ஒன்றின் முகவரியைப் பெயர் முறைமை வழியே அளிப்பது அவர் வழி. எப்பொருளை எக்கணினியில் வைப்பது என்பதற்கு அவர்களும் பிறரும் 1997இல் வெளியிட்ட சீர்முறைப் பங்கீட்டுக் கணிதம் துணைநின்றது. ஒரு கணினி விலகினும் ஏனையவற்றில் வைத்தவை பெரிதும் இடம்மாறா என்பதே அதன் சிறப்பு. 2001 செப்ரெம்பர் 11ஆம் நாள் நியூயோர்க்கில் மோதிய முதல் விமானத்திற் பயணஞ்செய்த லூவின் 31ஆம் வயதிலேயே உயிர்துறந்தார். அன்றையதினம் செய்தித் தளங்களை நாடி மொய்த்த உலக மக்களின் சுமையைத் தாங்கியவற்றுள் அவர் நிறுவிய வலையமைப்பும் ஒன்று.

இவ்வளர்ச்சியைக் கண்டு மகிழாதவரும் இருந்தனர். அவருள் முதல்வர் போல் விக்ஸி. பைண்ட் செய்ந்நிரலை நெடுங்காலம் பேணியவராதலின் அவர் சொல்லைப் புறந்தள்ளுதல் இயலாது. 2009ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையொன்றில், பெயர் முறைமை உண்மையை உரைப்பதற்கு எழுந்ததேயன்றிக் கேட்பவர் முகம் பார்த்துக் கொள்கைக்கேற்ப விடைகூறுதற்கு எழுந்ததன்று என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஒரே பெயரை யாழ்ப்பாணத்திலிருந்து கேட்பவருக்கு ஒரு விடையும் இலண்டனிலிருந்து கேட்பவருக்கு வேறு விடையும் கிடைக்குமாயின் எவ்விடை மெய்யென்று எவர் சரிபார்ப்பது? அண்மையிலுள்ள சேவையகத்தைக் காட்டுவதற்காக விடையை மாற்றும் கையே, ஒரு தளத்தை மறைப்பதற்காகவும் மாற்றலாம். இக்கவலையை வெறும் பழமைப்பற்று என்று ஒதுக்குதல் நீதியன்று.

அன்றியும், பெயர்ச் சேவையகம் காண்பது பயனாளரையன்று. அவர் சார்பில் வினவும் சேவையகத்தையே காண்கிறது. 2009 டிசெம்பரிற் கூகிள் நிறுவனம் எல்லோர்க்கும் பொதுவான வினவற் சேவையைத் தொடங்கியபின் பயனாளர் ஓரிடத்திலும் வினவுவோர் வேறிடத்திலும் இருப்பது பெருகியது. இதற்குப் பரிகாரமாக, பயனாளர் முகவரியின் ஒரு பகுதியையும் வினாவோடு சேர்த்தனுப்பும் முறையை 2016இல் ஆர்.எவ்.சி. 7871 விவரித்தது. வேகம் கிடைத்தது, கேட்டவர் இன்னார் என்னும் மறைவு குறைந்தது. நம் கருத்தில், விக்ஸியின் தடை நடைமுறையில் தோற்றதேயன்றி நியாயத்தில் தோற்கவில்லை.

சேவையகங்களைக் காக்கும் பெயர் முறைமையைக் காப்பவர் யார் என்பது அடுத்த வினா. பெயர்ச் சேவையகங்களை ஒரே இடத்திற் குவித்து வைத்தல் ஆகாது, தூரதேசங்களிற் பிரித்து வைத்தல் வேண்டும் என்று 1997 ஜூலையில் ஆர்.எவ்.சி. 2182 அறிவுறுத்தியது. இதனைக் கேளாதார் பட்ட பாட்டை 2001 ஜனவரி மாதம் காட்டியது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள் நான்கும் ஒரே வலைப்பகுதியில் இருந்தன. வழிப்படுத்தி ஒன்றில் நேர்ந்த அமைப்புத் தவறொன்றால் நான்கும் ஒருங்கே மறைந்தன. நிறுவனத்தின் தளங்கள் யாவும் செவ்வனே இயங்கிக்கொண்டிருந்தும், ஏறத்தாழ ஒரு நாள் அவற்றை எய்துவார் இல்லை. எண்ணிக்கையில் நான்காயினும் பாதுகாப்பில் ஒன்றே என்பதை இந்நிகழ்ச்சிபோல் விளக்குவது வேறில்லை.

மரத்தின் வேரில் நிற்கும் சேவையகங்களுக்குப் பதின்மூன்று பெயர்களே உண்டு. பழைய விடைப்பொதியின் எல்லையாகிய 512 பைற்றுக்குள் அடங்கவேண்டியிருந்தமையே இதற்குக் காரணம். 2002 ஒக்ரோபர் 21ஆம் நாள் இப்பதின்மூன்றின்மீதும் ஒருசேரத் தாக்குதல் நிகழ்ந்தது. அதன்பின் ஒரே முகவரியைப் பல நாடுகளிலிருந்தும் அறிவித்து, வினாவை அண்மையிலுள்ள படிக்கு வழிப்படுத்தும் எனிகாஸ்ற் முறை விரைந்து பரவியது. சுமை பகிர்வு பெயரிலிருந்து முகவரிக்கே இறங்கியமை ஈண்டு நோக்கத்தக்கது.

அம்முறையும் முற்றும் காத்ததென்று கூறவியலாது. பேஸ்புக் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள், தரவு நிலையங்களோடு தொடர்பற்றால் தாம் பழுதுற்றதாகக் கருதித் தம் முகவரி அறிவிப்பைத் தாமே மீட்டுக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒன்று பழுதுறின் அவ்வாறு விலகுதல் நன்று. 2021 ஒக்ரோபர் 4ஆம் நாள், பராமரிப்பின்போது இட்ட கட்டளையொன்றால் முதுகெலும்பு வலையமைப்பே அற்றபோது எல்லாம் ஒருங்கே விலகின. வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் உட்பட யாவும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகின் கண்ணுக்கு மறைந்தன.

2025 ஒக்ரோபர் 19ஆம் நாள் நள்ளிரவை அண்டி அமேசன் நிறுவனத்தின் வட வேர்ஜீனியா வலயத்தில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிக நுட்பமான அத்தியாயம். டைனமோ டீ.பி. என்னும் தரவுத்தளச் சேவையின் பெயர்ப் பதிவுகளை மனிதர் எழுதுவதில்லை. சுமை பகிர்விகளின் நிலையை நோக்கித் திட்டம் வகுக்கும் செய்ந்நிரல் ஒன்று. அத்திட்டத்தைப் பதிவில் ஏற்றும் செய்ந்நிரல்கள், ஒன்று வழுவினும் மற்றவை இயங்குமாறு, மூன்று தனித்தனி நிலையங்களில். அவற்றுள் ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தாமதமுற்றது. அதற்குள் மற்றொன்று புதிய திட்டத்தை ஏற்றிவிட்டது. தாமதித்தது தன் கையிலிருந்த பழைய திட்டத்தை அதன்மேல் எழுதியது. புதியதை ஏற்றியதோ பழைய திட்டங்களைத் துப்புரவாக்கும் முறையில், அப்பொழுது வழக்கிலிருந்த அதே திட்டத்தை அழித்தது. அவ்வலயத்துச் சேவையின் பெயருக்கு ஒரு முகவரிகூட இல்லாது வெறும் பதிவு எஞ்சியது. சேவையகங்கள் பழுதின்றி இருந்தன. அவற்றை எய்தும் வழியே அற்றது. அச்சேவையை நம்பியிருந்த ஏனைய சேவைகளும், அவற்றை நம்பிய உலகத்து நிறுவனங்களும் அடுத்தடுத்துச் சாய்ந்தன. தானியங்கி தன் தவறைத் தானே திருத்தவியலா நிலையில் இருந்தமையால் பணியாளர் கையாலேயே பதிவைச் செப்பனிட்டனர். பெயர்ப் பதிவு மீள இரண்டரை மணிநேரத்துக்கு மேல் ஆயிற்று. ஏனைய சேவைகள் முற்றும் சீர்பட மறுநாட் பிற்பகல் ஆயிற்று. திட்டம் வகுப்பதையும் ஏற்றுவதையும் செய்த அத்தானியங்கிகளை, குறை களையும்வரை, உலகெங்கும் நிறுத்தி வைத்ததாக நிறுவனம் தன் அறிக்கையில் தெரிவித்தது.